சோறு இறங்க நேரமாகுதா? பிறவியிலேயே வரும் விழுங்கல் சிரமம்



ரத்தசோகை, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, கர்ப்பப்பைப் பிரச்சினை என்று உடல்நலப் பாடத்தில் பல விஷயங்களைப் பேசியிருக்கிறோம். சாப்பிட்டதை விழுங்குவதில் வரும் சிரமத்தைப் பற்றி இதுவரை பேசியதில்லை. இந்த மாதம் அதை எடுத்துக்கொள்வோம். அதிலும் தாய் வயிற்றில் உருவாகும்போதே அமைந்துவிட்ட குறையால், பெரியவர்களான பிறகும் விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

"ஆயிரத்தில் ஒருத்தருக்கு, லட்சத்தில் ஒருத்தருக்கு வர்றதை நாங்க எதுக்குங்க படிக்கணும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு காரணம் இருக்கிறது.

ஒன்று, இந்தக் குறை உள்ளவர்களுக்கு அது குறை என்றே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படியே சாப்பிட்டுப் பழகியவர்கள், எல்லாருக்கும் சோறு இப்படித்தான் இறங்கும் என்று நினைப்பார்கள். இல்லாவிட்டால் "என் உடம்பு வாகு அப்படி" என்று சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால்தான் வெளியே வரும்.

இரண்டு, அபூர்வமான காரணத்தைத் தெரிந்துகொள்ளும்போது, அடிக்கடி வரக்கூடிய காரணங்களையும் சேர்த்துத் தெரிந்துகொள்வோம். அவற்றில் ஒன்று, தாமதம் செய்தால் உயிரையே எடுக்கக்கூடியது. எது அவசரம், எது அவசரம் இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

நம்ம வீடுகளில் இது எப்படி மறைந்து கிடக்கிறது?

நம் பெண்களில் பலர் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில், அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எவ்வளவு சாப்பிட்டோம், எவ்வளவு நேரம் சாப்பிட்டோம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விழுங்கச் சிரமப்படும் பெண்ணை அந்த வீட்டிலேயே யாரும் கவனிப்பதில்லை.

ஆனால் பேச்சோடு பேச்சாகச் சில வார்த்தைகள் வந்து விழும்.

"பந்தியில உட்காரவே கூச்சமா இருக்கு. நான் பாதி சாப்பிடும் முன்னாடி எல்லாரும் எழுந்துடுறாங்க."

"ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணி குடிச்சாத்தான் எனக்கு இறங்கும்."

"கறியா? எனக்குப் பிடிக்காதுன்னு சொல்லிடுவேன். பிடிக்கும்தான், ஆனா நெஞ்சுல நின்னுக்கும்."

"சின்ன வயசுலேர்ந்தே நான் ரசம் சாதக்காரி."

இப்படிச் சொல்பவர்களை "நோகாம திங்கிறா", "வேலைக்குப் போக மனசில்லாம சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கா" என்று திட்டும் வீடுகளும் உண்டு. பிறந்த வீட்டில் அதே பெண்ணுக்கு "சாப்பாட்டுல அழிச்சாட்டியம்" என்று பெயர் வைத்திருப்பார்கள்.

இவர்களிடம் போய் "விழுங்கச் சிரமமா இருக்கா?" என்று நேராகக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. சிரமம் வராத மாதிரி சாப்பாட்டை மாற்றிக்கொண்டு பல வருஷம் ஆகிவிட்டது. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்.

* ஒரு வேளைச் சோறு சாப்பிட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?
* எதையெல்லாம் சாப்பிடாமல் தவிர்க்கிறீர்கள்? பரோட்டா, சப்பாத்தி, கறித்துண்டு, காய்ந்த இட்லி?
* ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் வேண்டுமா?
* சாப்பிட்டது நெஞ்சில் நின்று, எழுந்து போய்த் துப்பியது உண்டா?
* தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறுகிறதா?

இந்த ஐந்து கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் கடைசியில் மறுபடியும் தேவைப்படும்.

உணவுக்குழாய் எங்கே இருக்கிறது?

தொண்டையிலிருந்து இரைப்பை வரை போகும் குழாய்தான் உணவுக்குழாய். பெரியவர்களுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நம் கையால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. தசையால் ஆனது, மெத்தென்று இருக்கும். சும்மா இருக்கும்போது தட்டையாக மடங்கிக் கிடக்கும். சோறு வரும்போது விரிந்து, மேலிருந்து கீழே அலை அலையாக அழுத்தித் தள்ளும். படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு வயிற்றுக்குப் போவது இந்த அலையால்தான்.

இதற்கு முன்பக்கம் மூச்சுக்குழாய். பின்பக்கம் முதுகெலும்பு. நெஞ்சுக்குள் பக்கத்திலேயே இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய்கள். நெருக்கடியான சந்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு போகிற மாதிரி அமைப்பு. ஒன்று தடம் மாறினால் இன்னொன்றை அழுத்தும்.

குழந்தை கருவில் உருவாகும் நான்காவது வாரத்தில், முதலில் ஒரே குழாயாக இருப்பது மூச்சுக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று என்று பிரிய ஆரம்பிக்கிறது. அதை ஒட்டிய வாரங்களில்தான் இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாய்களும் உருவாகின்றன. முதலில் பல வளைவுகள் தோன்றும். அதில் சில மறைந்துவிடும், சில நிலைத்துவிடும். மறைய வேண்டியது நிலைத்து, நிலைக்க வேண்டியது மறைந்தால் அமைப்பு மாறிப்போகும்.

கவனியுங்கள். இதெல்லாம் தொடங்கும் நேரத்தில் நாள் தள்ளிப்போனதே தாய்க்குச் சரியாகத் தெரிந்திருக்காது. கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது, ஆகாததைச் சாப்பிட்டதால் வந்தது, எந்தப் பாவமோ என்று தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அதில் எந்த உண்மையும் இல்லை. இப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற தாய் உங்கள் குழுவில் இருந்தால், முதலில் இதைச் சொல்லுங்கள்.

இயற்கையின் விளையாட்டு: தடம் மாறிய ரத்தக்குழாய்

இங்கிலாந்தில் டேவிட் பேஃபோர்டு என்ற மருத்துவர் இருந்தார். 1761-ஆம் ஆண்டு அவர் ஒரு பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இளம் வயதிலிருந்தே விழுங்கச் சிரமம். வருஷம் போகப் போகச் சிரமம் கூடியது. கடைசியில் உணவு இறங்காமல், பட்டினியால் உடல் தேய்ந்து இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்தவரை காரணம் யாருக்கும் புரியவில்லை.

இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வலது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், போக வேண்டிய வழியில் போகாமல் தடம் மாறிப் போய் உணவுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. "இயற்கையின் விளையாட்டு" என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லை எடுத்து, பேஃபோர்டு இதற்கு டிஸ்பேஜியா லூசோரியா என்று பெயர் வைத்தார். இன்றும் மருத்துவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். இயற்கைக்கு விளையாட்டு, அந்தப் பெண்ணுக்கு ஆயுள் முழுக்கப் பட்டினி!

அந்த ரத்தக்குழாய் எப்படித் தடம் மாறுகிறது? சாதாரணமாக, இதயத்திலிருந்து மேலே வளைந்து வரும் பெரிய ரத்தக்குழாயின் வலது பக்கக் கிளையிலிருந்து வலது கைக்கான குழாய் பிரிந்து, நேராக வலது பக்கமே போய்விடும். சிலருக்கு அது இடது பக்கத்தில், கடைசிக் கிளையாகப் புறப்படுகிறது. அங்கிருந்து வலது கைக்குப் போக வேண்டுமானால் நெஞ்சைக் குறுக்கே கடந்தாக வேண்டும். பெரும்பாலும் உணவுக்குழாயின் பின்பக்கமாகக் கடக்கும். சிலருக்கு உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே கடக்கும்.

இந்த அமைப்பு ஏறத்தாழ நூறு, இருநூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பயந்துவிடாதீர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் வராது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். கொஞ்சம் பேருக்கு மட்டும்தான் விழுங்கச் சிரமம் வருகிறது.

குழுவில் செய்து பாருங்கள்

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் மெத்தென்ற ஓஸ் பைப்பில் ஒரு முழத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கயிற்றைக் குறுக்கே வைத்து இருபுறமும் இருவர் இழுத்து லேசாக அழுத்துங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள், இறங்கிவிடும். கூழாகக் கரைத்த மண்ணை ஊற்றுங்கள், மெதுவாக இறங்கும். களிமண்ணை உருட்டிப் போடுங்கள், கயிறு இருக்கும் இடத்தில் நின்றுகொள்ளும். பிறகு தண்ணீர் ஊற்றினால் கரைந்து இறங்கும்.

கஞ்சி இறங்குகிறது, கறி இறங்கவில்லை, தண்ணீர் குடித்தால் சரியாகிறது என்று ஒரு பெண் சொல்வதற்கு அர்த்தம் இதுதான். குழாய் முழுசாக அடைக்கவில்லை, ஓரிடத்தில் குறுகியிருக்கிறது.

பிறவிக் குறை என்றால் ஏன் நாற்பது வயதில் தொல்லை?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. பிறந்ததிலிருந்தே ரத்தக்குழாய் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இளம் வயதில் ரத்தக்குழாயும் மெத்தென்று இருக்கும், உணவுக்குழாயும் வளைந்து கொடுக்கும். வயது ஏற ஏற ரத்தக்குழாயின் சுவர் தடித்து விறைப்பாகும். உணவுக்குழாயின் இளக்கமும் குறையும். சிலருக்கு அந்த ரத்தக்குழாய் புறப்படும் இடமே பலூன் போலப் புடைத்துக்கொள்ளும். இந்தப் புடைப்பை 1936-இல் கோமரெல் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்து எழுதினார், அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். இப்படி வயதோடு அழுத்தம் கூடும்போதுதான் தொல்லை தலைகாட்டும். "முப்பது வருஷம் நல்லா சாப்பிட்டவ, இப்ப திடீர்னு நடிக்கிறா" என்று சொல்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

வேறு என்ன பிறவிக் காரணங்கள்?

1. பிறவியிலேயே குறுகிய உணவுக்குழாய்

குழாயில் ஓரிடம் மட்டும் பிறவியிலேயே இறுகி இருக்கும். ஏறத்தாழ 25,000 முதல் 50,000 பிறப்புகளில் ஒருவருக்கு வரும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இதில் மூன்று வகை. மூச்சுக்குழாயில் இருக்க வேண்டிய குருத்தெலும்பு உணவுக்குழாய்ச் சுவரில் மாட்டிக்கொண்டிருப்பது ஒன்று. தசை தடித்துப்போவது ஒன்று. குறுக்கே மெல்லிய ஜவ்வு இருப்பது ஒன்று.

தாய்ப்பால் குடிக்கும்வரை எதுவும் தெரியாது. ஆறு மாதத்துக்கு மேல் இட்லி, பருப்புச் சோறு ஊட்ட ஆரம்பிக்கும்போது குழந்தை கக்கும், திணறும். கடுமையாக இருந்தால் அப்போதே கண்டுபிடித்துவிடலாம். லேசாக இருந்தால் "பிள்ளை சவலை", "சோறு திங்க அடம்" என்று விட்டுவிடுவோம். அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, முப்பது நாற்பது வயதில் ஒரு கறித்துண்டு நெஞ்சில் அடைத்து ஆஸ்பத்திரிக்கு வரும்போதுதான் உண்மை தெரியும்.

2. இரண்டு குழாய்க்கும் நடுவே ஒரு சந்து

மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுசாகப் பிரியாமல் நடுவில் ஒரு சின்ன வழி இருக்கும். இதில் உணவு அடைக்காது. குடிக்கிற தண்ணீர், பால், காபி அந்தச் சந்து வழியாக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குடிக்கும்போதெல்லாம் இருமல், அடிக்கடி நெஞ்சுச் சளி, திரும்பத் திரும்ப நிமோனியா என்று வரும். ஆஸ்துமா என்று நினைத்து வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்களும் உண்டு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடும். மிக அபூர்வமாகப் பெரியவர்களான பிறகு கண்டுபிடிக்கப்படுகிறது.

புரை ஏறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்வோம். எப்போதாவது ஒரு தடவை என்றால் சரி. தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு தடவையும் யாராவது நினைத்துக்கொண்டே இருப்பார்களா? மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

3. உணவுக்குழாயை ஒட்டிய நீர்ப்பை

கருவில் உணவுக்குழாயின் ஒரு துண்டு தனியாகப் பிரிந்து, பை போலச் சுவரை ஒட்டி நிற்கும். மெல்ல மெல்லப் பெரிதாகி அழுத்தும்போது விழுங்கச் சிரமம், நெஞ்சு வலி வரலாம்.

4. குழந்தையாக இருந்தபோது ஆபரேஷன் ஆனவர்கள்

சுமார் 3,000 முதல் 4,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு உணவுக்குழாய் பாதியில் நின்றுபோய் இருக்கும். பிறந்தவுடன் வாயில் நுரை நுரையாக எச்சில் வழியும், பால் கொடுத்தால் மூச்சுத் திணறி நீலம் பாயும். அந்தக் குழந்தைக்குச் சேனைத் தண்ணியோ சர்க்கரைத் தண்ணியோ எதுவும் கொடுக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1941-இல் அமெரிக்காவில் கேமரான் ஹெய்ட் என்ற மருத்துவர், அறுந்த இரு முனைகளையும் நேரடியாக இணைத்து ஒரு குழந்தையை முதன்முதலில் பிழைக்க வைத்தார். அதற்குப் பிறகு இந்தக் குழந்தைகள் பிழைத்து வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். ஆனால் தைத்த இடம் இறுகுவதாலும், அந்தக் குழாயின் தசை சரியாக அலை எழுப்பாததாலும், நெஞ்செரிச்சலாலும் அவர்களில் பலருக்குப் பெரியவர்களான பிறகும் விழுங்கச் சிரமம் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு இப்படி ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வையுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால், கட்டிக்கொடுத்து அனுப்பும்போது அந்தச் சீட்டும் அவளோடு போக வேண்டும்.

அபூர்வம் அல்லாத காரணங்கள்: இதுதான் முக்கியம்

விழுங்கச் சிரமம் என்று வரும் பெரும்பாலானவர்களுக்குப் பிறவிக் குறை இருக்காது. வேறு காரணம்தான் இருக்கும். அதனால் இதை நன்றாகப் படியுங்கள்.

ரத்தசோகை: இரும்புச்சத்து ரொம்ப நாளாகக் குறைந்தால், தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய ஜவ்வு வளரலாம். பிளம்மர்-வின்சன் நோய் என்பார்கள். நடுத்தர வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். இது பிறவியில் வருவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. எல்லாருக்கும் ஜவ்வு வந்துவிடாது. ஆனால் உடம்பு வெளுத்து, நாக்கு வழுவழுப்பாகி, சோறும் இறங்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை அவசியம். இரும்புச்சத்து மருந்திலேயே பலருக்குச் சரியாகும். சிலருக்கு ஜவ்வை விரித்துவிட வேண்டியிருக்கும். இதை அப்படியே விட்டால் தொண்டைப் பகுதியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும்.

நெஞ்செரிச்சல்: இரைப்பை அமிலம் மேலே வந்து வந்து உணவுக்குழாய் புண்ணாகி, ஆறும்போது இறுகிப்போகும்.

கீழ்வாசல் திறக்காமை: உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை இளகாமல் போவது. இதில் சோறு மட்டுமல்ல, தண்ணீரும் ஆரம்பத்திலிருந்தே நிற்கும்.

புற்றுநோய்: முதலில் கெட்டியான சாப்பாடு இறங்காது. சில வாரம், சில மாதத்தில் குழைந்த சோறு இறங்காது. பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர். உடம்பு மெலிந்துகொண்டே போகும். புகையிலை, மது இரண்டும் இதற்கு முக்கியக் காரணங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது பிரித்துப் பாருங்கள்.

* சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, ரொம்ப மாறவில்லை, உடம்பு இளைக்கவில்லை என்றால் பதற்றம் வேண்டாம். ஆனால் ஒரு தடவையாவது முறையாகப் பரிசோதனை செய்ய வேண்டும்.
* புதிதாக வந்திருக்கிறது, நாளுக்கு நாள் கூடுகிறது, எடை குறைகிறது, குரல் கம்முகிறது, ரத்தமாக வாந்தி, மலம் தார் போலக் கறுப்பு, இதில் ஏதாவது இருந்தால் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்லாமல் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்த வாந்தி என்றால் அன்றைக்கே.
* சாப்பிட்டது அடைத்து எச்சில்கூட விழுங்க முடியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. மூச்சு விட முடியவில்லை, பேச்சு வரவில்லை என்றால் அது மூச்சுக்குழாய் அடைப்பு, ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. இரண்டுக்கும் 108-ஐ அழையுங்கள்.

சின்ன வயதிலிருந்தே சிரமம் உள்ளவருக்கும் புதிதாக வேறு நோய் வரலாம். "அவளுக்கு எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. பழைய சிரமம் புதிதாகக் கூடினால் அதுவும் அவசரம்தான்.

என்ன பரிசோதனை? என்ன வைத்தியம்?

பேரியம் எக்ஸ்ரே: வெள்ளையாக மாவுக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது இறங்கும்போது எக்ஸ்ரே எடுப்பார்கள். எங்கே குறுகியிருக்கிறது, எங்கே வெளியிலிருந்து அழுத்தம் இருக்கிறது என்று தெரியும்.

என்டாஸ்கோப்பி: வாய் வழியாகக் கேமரா உள்ள மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பது. புற்றுநோய், புண், ஜவ்வு எல்லாம் இதில் தெரியும். சந்தேகமான இடத்தில் சிறு சதை எடுத்துப் பரிசோதிக்கவும் முடியும். பெரியவர்களுக்கு இது தவிர்க்கக் கூடாத பரிசோதனை.

சி.டி. ஸ்கேன்: மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று தெளிவாகத் தெரியும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தடம் மாறிய ரத்தக்குழாய் உணவுக்குழாய்க்கு வெளியே இருக்கிறது. அதனால் என்டாஸ்கோப்பியில் உள்ளே பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியலாம். "ரிப்போர்ட் நார்மல்" என்று வந்தவுடன் வீட்டில் "பார்த்தியா, ஒண்ணுமே இல்ல, எல்லாம் மனப்பிரமை" என்பார்கள். நார்மல் என்றால் புற்றுநோய் இல்லை என்று நிம்மதி அடையலாம். ஆனால் சிரமம் தொடர்ந்தால் மறுபடி போய், "எனக்கு இன்னும் நிக்குதுங்க டாக்டர், வெளியிலேர்ந்து ஏதாவது அழுத்துதான்னு பார்க்கணுமா?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

வைத்தியம் காரணத்தைப் பொறுத்தது. ரத்தக்குழாய் அழுத்தம் லேசாக இருந்தால் உணவு முறையை மாற்றினாலே போதும், நெஞ்செரிச்சல் இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். கடுமையாக இருந்தால் ஆபரேஷன் செய்து அந்த ரத்தக்குழாயை வழி மாற்றி, கழுத்துக்குப் போகும் ரத்தக்குழாயோடு இணைப்பார்கள். குறுகிய குழாயை என்டாஸ்கோப்பி வழியாகப் பலூன் வைத்து விரிப்பார்கள், சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும். சந்து இருந்தால் அதை ஆபரேஷனில் அடைத்துவிடுவார்கள். 1761-இல் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காத வழிகள் இன்று இருக்கின்றன.

செலவு பற்றி யோசிப்பீர்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, சீட்டு வாங்கிக்கொண்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆதார், குடும்ப அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். எந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு என்று அங்குள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போக்குவரத்துக்கும் கூட இருப்பவர் செலவுக்கும் குழுவில் அவசரக் கடன் கேட்கலாம்.

செய்யக் கூடாதவை

சோறு நிற்கிறது என்றவுடன் தொக்கம் எடுக்கப் போவது நம் பக்கத்தில் வழக்கம். "யாரோ மருந்து வச்சுட்டாங்க" என்று இடுமருந்து எடுக்கவும் கூட்டிப்போவார்கள். வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைப்பதால் குறுகிய குழாய் விரியாது, தடம் மாறிய ரத்தக்குழாய் திரும்பிப் போகாது. ஆனால் உணவுக்குழாயில் காயம் ஏற்படலாம், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். இதையெல்லாம்விடப் பெரிய நஷ்டம், புற்றுநோயாக இருந்தால் அங்கே போய்வந்த மாதங்கள்.

அடைத்துக்கொண்டால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ முழுசாக விழுங்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். விரலை விட்டுக் குடைய வேண்டாம்.

செய்ய வேண்டியவை

* நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, நன்றாக மென்று சாப்பிடுங்கள். கறியைப் பொடிப்பொடியாக நறுக்கி, வேகவைத்துக் குழம்போடு சேர்த்துக்கொள்ளுங்கள்.
* சாப்பிடும்போது பேச்சும் சிரிப்பும் குறையட்டும். சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள்.
* இரும்புச்சத்து மாத்திரை உட்பட எந்த மாத்திரையையும் உட்கார்ந்தபடி ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். வெறும் எச்சிலில் விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை நெஞ்சில் ஒட்டிப் புண்ணாக்கும்.
* கஞ்சியும் ரசச் சோறும் மட்டுமே சாப்பிட்டால் சத்துக் குறையும். கடைந்த கீரை, பருப்பு, முட்டை, தயிர், கேழ்வரகுக் கூழ் என்று மெத்தென்ற சத்துணவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.
* வீட்டில் ஒருவர் மெதுவாகச் சாப்பிட்டால் அவருக்கு நேரம் கொடுங்கள். அவரைக் கடைசியில் உட்கார வைக்காதீர்கள், எல்லாரோடும் சேர்ந்து முதலில் உட்காரட்டும்.

மருத்துவரிடம் போகும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

டாக்டர் முன்னால் உட்கார்ந்தவுடன் பாதி மறந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளையை விட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1. எந்த வயதிலிருந்து சிரமம்? இப்போது கூடியிருக்கிறதா?
2. கெட்டியானது மட்டும் நிற்கிறதா, தண்ணீருமா?
3. தொண்டையிலா, நெஞ்சிலா, எங்கே நிற்கிற மாதிரி இருக்கிறது?
4. கடந்த ஆறு மாதத்தில் எடை குறைந்ததா?
5. இருமல், அடிக்கடி நெஞ்சுச் சளி, நெஞ்செரிச்சல் உண்டா?
6. புகையிலை, பாக்குப் பழக்கம் உண்டா? (மறைக்க வேண்டாம்)
7. குழந்தையாக இருந்தபோது ஏதாவது ஆபரேஷன் நடந்ததா? அம்மாவிடம் கேட்டு வாருங்கள்.
8. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

* ஊக்குநரும் பிரதிநிதிகளும் மேலே சொன்ன முதல் ஐந்து கேள்விகளைக் கூட்டத்தில் வாசியுங்கள். கையைத் தூக்கச் சொல்ல வேண்டாம். கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்து சொல்லலாம் என்று அறிவியுங்கள்.
* நம் ஊரில் சாப்பாடு நின்றால் முதலில் எங்கே போகிறார்கள்? எத்தனை நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்?
* நம் குழுவில் கடைசியாக ரத்த அளவு பார்த்தது எப்போது? அடுத்த முகாமுக்கு ஒரு தேதி வைத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
* வெற்றிலை-புகையிலை போடுபவர்கள் வாய்ப் பரிசோதனைக்குப் போக யார் கூடத் துணைக்குப் போவது?

உறுப்பினர்களே, இத்தனை வருஷமாக யார் சேமித்தார், யார் தவணை கட்டினார் என்று ஒவ்வொருவர் கணக்கையும் வாரம் தவறாமல் பார்க்கிறோம். யார் தட்டில் சோறு மிச்சம் நிற்கிறது என்றும் கொஞ்சம் பார்ப்போம். அடுத்த கூட்டத்தில் டீயும் பன்னும் கொடுக்கும்போது, பன்னை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு போகிற அக்கா யாராவது இருந்தால், "பிள்ளைக்கா எடுத்துட்டுப் போறீங்க, இல்ல உங்களுக்கு இறங்கலையா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள்.